கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஓட்டம் என்னும் பொழுதுபோக்கு" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் விளையாட்டு வீரன் இல்லை. படிக்கிற காலத்தில் கல்லூரி விளையாட்டு விழாவில் நாற்காலி எடுத்துப் போட்டதுதான் என் சாதனை. அது இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் வகுப்புத் தோழர்களுக்கு நன்றாகவே தெரியும். வங்கியில் கணக்கெழுதிக் காலம் தள்ளியவன். ஐம்பது வயதுக்கு மேல்தான் சிதம்பரம் தேரோடும் வீதிகளில் ஓட ஆரம்பித்தேன். ஆனால் தொழில் பழக்கம் போகுமா? ஓட்டத்துக்கும் ஒரு நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதி வருகிறேன். அந்த நோட்டைத்தான் இன்று உங்கள் முன் பிரிக்கப் போகிறேன்.

என்னைப் பார்ப்பவர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். ஒன்று, "இதுக்கு எவ்வளவுப்பா செலவாகுது?" இன்னொன்று, "தினமும் எப்படி எழுந்து போறே? எனக்குப் பத்து நாளைக்கு மேல தாங்கலையே!" கேட்பவர்களுக்கு இவை இரண்டு கேள்விகள். என் நோட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதை விளக்குவதே என் நோக்கம்.

வரவு செலவு

கடந்த ஆண்டு நான் ஓடியது 48 வாரம். வாரத்துக்கு 4 நாள், ஒரு நாளைக்குச் சராசரி 6 கிலோமீட்டர். மொத்தம் ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர்.

ஓட்டத்துக்கான ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே பார்க்கப் புதிது போல இருக்கும். உள்ளே இருக்கும் மெத்தை அமுங்கிப் போயிருக்கும். அதற்குப் பிறகும் போட்டுக்கொண்டு ஓடினால் முழங்கால் கணக்குக் கேட்கும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு ஜோடி. ஜோடி 3,500 ரூபாய் வீதம் 7,000 ரூபாய். பனியன், அரைக்கால் சட்டை, சாக்ஸ் வகையில் 1,800. மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. எடுத்த வகையில் 2,000. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து குடித்த இளநீர் 1,900. இது வரை 12,700 ரூபாய்.

இனி, பந்தயச் செலவு. சென்னையில் ஓர் அரை மாரத்தான், புதுச்சேரியில் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டம். இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் 2,000. பஸ், ரயில், லாட்ஜ், சாப்பாடு 4,000. ஆக மொத்தம் 18,700 ரூபாய்.

இப்போது வகுத்துப் பாருங்கள். ஷூவுக்கு ஆன செலவு கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய். ஷூ, துணி, மருத்துவர் என்று தவிர்க்க முடியாததை மட்டும் கூட்டினால் 10,800, அதாவது மாதம் 900 ரூபாய். ஒரு நாளைக்கு இரண்டு டீ குடிக்கிற காசு. ஆனால் பந்தயத்தில் ஓடிய 31 கிலோமீட்டருக்கு ஆன செலவு 6,000. கிலோமீட்டருக்கு 190 ரூபாய்க்கு மேல்!

என் வீட்டு அம்மா இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "ஏங்க, நம்ம வீதியில சும்மா ஓடுறதுக்கு ஆறு ரூபா, மெட்ராஸ் போய் ஓடினா இருநூறு ரூபாயா? அங்க ரோடு என்ன தங்கத்துலயா போட்டிருக்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: ஓடுவதற்கு ஆகிற காசு ஆறு ரூபாய்தான். மீதி, ஓட வேண்டும் என்ற எண்ணம் தளராமல் இருப்பதற்காகக் கொடுக்கிற காசு.

ஊக்கத்தை விலைக்கு வாங்குவது

நம் நாட்டில் பொழுதுபோக்காக ஓடுகிறவர்கள் பெருகியதில் 2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தானுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு சென்னை, கோவை என்று ஒவ்வொரு நகரமாக ஓட்டங்கள் வந்தன. முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பஸ்ஸில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒவ்வொரு ஊராகப் போகும்போது நினைத்துப் பாருங்கள், இதில் மூன்று கிலோமீட்டர் குறைவான தூரத்தை ஒரு மனிதன் காலால் ஓடிக் கடக்கிறான். அதற்கு ஒரு மரியாதை உண்டு. பெயர் கொடுத்துப் பணம் கட்டிவிட்டால் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்வோம். அந்த அளவில் பந்தயம் நல்லதுதான்.

ஆனால் பந்தயம் முடிந்த மறுநாள் என்ன ஆகிறது? பதக்கத்தை ஆணியில் மாட்டுகிறோம். இரண்டு வாரம் ஓய்வு என்கிறோம். அது இரண்டு மாதமாகிறது. மறுபடி ஊக்கம் வர இன்னொரு பந்தயத்துக்குப் பணம் கட்டுகிறோம். இல்லையென்றால் புது ஷூ, அதுவும் இல்லையென்றால் நாடித்துடிப்பைச் சொல்லும் கைக்கடிகாரம். வாங்கிய பொருளின் புதுமை இருக்கிற வரைக்கும் கால் ஓடும். புதுமை தீர்ந்ததும் கால் நின்றுவிடும். இப்படி ஊக்கத்தைக் கடையில் வாங்கப் பழகியவனுக்குச் செலவு ஏறிக்கொண்டே போகும், ஓட்டம் குறைந்துகொண்டே வரும். ஓட்டம் செலவு பிடித்த பொழுதுபோக்கு என்று சிலர் சொல்வதன் உட்பொருள் இதுதான்.

இதற்கு மாறான வழியும் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. ஆரோவில்லில் 2008-ல் ஒரு மாரத்தான் தொடங்கினார்கள். செம்மண் காட்டுப் பாதையில் ஓட்டம். முதல் பரிசு கிடையாது, தரவரிசை கிடையாது, ஓடுகிற மகிழ்ச்சிக்காக ஓடுங்கள் என்பதே அதன் கொள்கை. பரிசே இல்லாத ஓட்டத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள் என்பது யோசிக்க வேண்டிய செய்தி.

ஆரம்ப சூரத்தனம்

நம் ஊர்க்காரர்களுக்கு ஆரம்ப சூரத்தனம் கொஞ்சம் அதிகம். அதற்கு நம் பருவநிலையும் உடந்தை. மார்கழியில் ஓடத் தொடங்குவது சுலபம். பனி, திருவாதிரைக் கூட்டம், விடியும் முன்பே விளக்கெரியும் வாசல்கள். கோலத்தை மிதிக்காமல் ஓடுவது ஒன்றுதான் கஷ்டம். பங்குனி, சித்திரையில் ஐந்தரை மணிக்கே சட்டை நனைந்துவிடும். கத்திரி வெயிலில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களை ஐப்பசி மழை நிறுத்திவிடும். புயல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்ததையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த நாட்களில் ஓட்டத்தை யார் நினைப்பார்கள்? வீடும் வாசலும்தான் முக்கியம். நான் கேட்பது, தண்ணீர் வடிந்த பிறகு எத்தனை பேர் திரும்ப வந்தோம் என்பதைத்தான்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே செய்கிற பழக்கமாக மாறச் சராசரி 66 நாள் ஆகிறது என்று கண்டார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடுகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகிவிடும். உடற்பயிற்சி பழக நாளாகும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அவர்கள் கண்டதே. ஆகவே பத்து நாளில் அலுத்துப்போனவர் தம்மைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ள வேண்டாம். 254 நாள் எடுக்கிற ஆளாகக்கூட இருக்கலாம்!

என் அனுபவத்தில் காசில்லாமல் கிடைக்கிற ஊக்கம் மூன்று. முதலாவது, நேரம் மாறக்கூடாது. எனக்கு ஐந்தே கால். "இன்னிக்குப் போகலாமா வேண்டாமா" என்று படுக்கையில் பட்டிமன்றம் நடத்தினால் எப்போதும் போர்வைதான் ஜெயிக்கும். இரண்டாவது, அளவு சிறியதாக இருக்க வேண்டும். மனசு சரியில்லாத நாளில் பத்து நிமிடம் மட்டும் என்று இறங்குவேன். பெரும்பாலும் அரை மணி ஆகிவிடும். ஆகாவிட்டாலும் பத்து நிமிடம் லாபம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மூன்றாவதுதான் முக்கியம். தெரு முனையில் ஒரு ஆள் நமக்காகக் காத்திருக்க வேண்டும். கீழ வீதி முனையில் என் நண்பர் ஒருவர் நிற்பார். அவர் நிற்கிறார் என்பதற்காக நான் போவேன், நான் வருவேன் என்பதற்காக அவர் நிற்பார். இருவருக்கும் உள்ளூர ஓட விருப்பமில்லாத நாளில்கூட இருவரும் ஓடியிருப்போம்.

பௌஜா சிங் என்ற பெரியவரைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பஞ்சாபில் ஜலந்தர் பக்கத்துக் கிராமத்து விவசாயி. அவருடைய பாஸ்போர்ட்டின்படி பிறந்த ஆண்டு 1911. 1994-ல் கண்ணெதிரே மகனைப் பறிகொடுத்த துயரத்திலிருந்து மீள ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார். லண்டனில் ஒரு பயிற்சியாளரும், கூட ஓட ஒரு குழுவும் அவருக்குக் கிடைத்தார்கள். 2000-ல் தம் 89-வது வயதில் லண்டன் மாரத்தானை முடித்தார். 2011-ல் நூறு வயதில் டொராண்டோவில் முழு மாரத்தானை முடித்தார். அந்தப் பெரியவருக்குப் பதக்கத்தால் என்ன ஆகப்போகிறது? துக்கத்தில் தனியாகக் கிடந்த மனிதருக்குக் கூட நடக்க நாலு பேர் கிடைத்தார்கள். 2025 ஜூலையில் சொந்த ஊர்ச் சாலையில் ஒரு வாகனம் மோதி இறந்தார். முதுமையால் வீழ்த்த முடியாதவரைச் சாலை வீழ்த்தியது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இந்த இடத்துக்கு வருகிறேன்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஜிம் ஃபிக்ஸ் என்பவர் 1977-ல் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கானவர்களை ஓட வைத்தது. 1984-ல் தம் 52-வது வயதில் ஓடும்போதே மாரடைப்பால் இறந்தார். அவர் தந்தை 43 வயதிலேயே இதய நோயால் போனவர். ஓட்டம் நல்லது என்றாலும் பரம்பரையை அழித்துவிடாது. நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். என் கணக்கில் அந்த 2,000 ரூபாயை ஒருபோதும் வெட்ட மாட்டேன். சுவர் இருந்தால்தானே சித்திரம்?

பொழுதுபோக்காக ஓடாதவர்கள்

இதுவரை நான் பேசியது நம்மைப் போல ஓய்வூதியமோ சம்பளமோ வாங்குகிறவர்களின் ஓட்டத்தைப் பற்றி. கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்துக்கோ தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கோ விடிகாலையில் போய்ப் பாருங்கள். வயிற்றுப்பாட்டுக்காக ஓடுகிற பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அரை வினாடி பிந்தினாலும் வேலை இல்லை. அவர்களிடம் போய் ஊக்கம் எப்படி வருகிறது என்று கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அவர்களுக்கு இல்லாதது ஷூ. 2025-26-ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். நான் வாங்குகிற 3,500 ரூபாய் ஷூ, அந்தக் கூலியில் பத்து நாளைக்கு மேல். எனக்கு இரண்டு டீக் காசாகத் தெரிகிற செலவு, குறிஞ்சிப்பாடிப் பக்கமோ புவனகிரிப் பக்கமோ இருந்து வரும் ஒரு மாணவனின் அம்மாவுக்குப் பத்து நாள் உழைப்பு. "அபெபி பிகிலா செருப்பில்லாமலே ஒலிம்பிக் மாரத்தானில் ஜெயிக்கலையா?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 1960-ல் ரோமில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். அதே மனிதர் 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடினார், முன்னைவிட மூன்று நிமிடம் குறைவாக! முதல் கதையை மட்டும் ஏழைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

நம் சகோதரிகளின் நிலை வேறு. என்னோடு படித்த ஓர் அம்மையார் ஓட ஆசைப்பட்டு, தெருவில் விளக்கு சரியில்லை, நாய்த் தொல்லை, எதிர்ப்படுகிறவர் பார்வை சரியில்லை என்று மொட்டை மாடியிலேயே சுற்றிச் சுற்றி ஓடுகிறார். நாலரை மணிக்கு எழுந்து அடுப்பு வேலையை முடித்துவிட்டு! அவருக்கு ஊக்கம் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? அவருக்குத் தேவை, பயமில்லாமல் கால் வைக்க ஓர் இடம்.

ஒரு வேண்டுகோள்

இப்போது நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஆண்டு சந்திப்பையொட்டி 300 பேர் ஓடும் ஒரு மாரத்தான் நடத்தலாம் என்று செயற்குழுவில் யோசனை இருக்கிறது. பனியன், பதக்கம், சிற்றுண்டி சேர்த்து ஆளுக்கு 450 ரூபாய் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மொத்தம் 1,35,000 ரூபாய். நோக்கம் நல்ல நோக்கம், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கணக்கப்பிள்ளை என்ற முறையில் ஒரு வரி எழுதிக் காட்டுகிறேன். அதே பணத்துக்கு 38 ஜோடி ஷூ வரும். மேலும் 2,000 ரூபாய் மிஞ்சும்.

ஓட்டம் வையுங்கள். நான் முதல் ஆளாக வருகிறேன். ஆளுக்கு ஆள் வீட்டிலிருக்கிற பழைய பனியனைப் போட்டுக்கொண்டு வருவோம். சிற்றுண்டியை அவரவர் தூக்குப் பாத்திரத்தில் கொண்டு வருவோம். பதக்கம் வேண்டாம். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் மாட்ட ஆணி மிச்சமில்லை. அந்தப் பணத்தில் தேர்வுக்காக ஓடுகிற நம் மாணவ மாணவிகளுக்கு ஷூ வாங்கிக் கொடுப்போம். யாருக்கு என்பதை உடற்கல்வி ஆசிரியர் சத்தமில்லாமல் முடிவு செய்யட்டும். மேடையில் கூப்பிட்டுக் கொடுத்துப் போட்டோ எடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் தன்மானம் உண்டு.

இரண்டாவது, கல்லூரி மைதானத்தின் கதவைக் காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை திறந்து வைக்க நிர்வாகத்தாரிடம் சங்கம் அனுமதி கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் விளக்குப் போடும் செலவுக்கு ஒரு நிதி திரட்டுவோம். என் பங்காக இந்த ஆண்டுப் பந்தயச் செலவு 6,000 ரூபாயை இன்றே செயலாளரிடம் கொடுக்கிறேன். நான் ஓடுகிற தூரம் இதனால் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையாது. லாரியும் பஸ்ஸும் போகிற நெடுஞ்சாலை ஓரத்தில் நம் பிள்ளைகள் இருட்டில் ஓட வேண்டாம். பௌஜா சிங்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதற்குக் காசே வேண்டாம். கடலூரில் இருக்கும் பழைய மாணவர்கள் முறை வைத்து, நாளுக்கு இரண்டு பேர், ஐந்து மணிக்கு அந்தக் கதவருகே வந்து நிற்க வேண்டும். ஓட முடிந்தவர் ஓடலாம், முடியாதவர் நடக்கலாம், அதுவும் முடியாதவர் நாற்காலி போட்டு உட்காரலாம். நாற்காலி போட ஆள் வேண்டுமென்றால் எனக்கு முன் அனுபவம் இருக்கிறது! யாரோ ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் அந்தப் பையன் வருவான். மொட்டை மாடியில் ஓடுகிற அம்மையாரும் வருவார். அந்த இரண்டு பெரியவர்களுக்கும் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தேர்வுக்காக ஓடுங்கள், வேலை வாங்குங்கள். வேலை கிடைத்ததும் ஷூவைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். முதல் சம்பளத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கி இந்த மைதானத்துக்கு அனுப்புங்கள். இன்னொரு ஜோடி உங்களுக்கே வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் கடிகாரம் பிடித்துக்கொண்டு நிற்காதபோது ஓடுகிற ஓட்டத்தின் சுகமே தனி.

கதவு திறப்பதற்கான முறைப் பட்டியல் ஒன்றைச் சாப்பாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் மேசை மேல் வைத்திருக்கிறேன். பேனாவும் இருக்கிறது. பந்திக்குப் போகும் முன் பெயரை எழுதிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். சாப்பிட்டு வந்து எழுதுகிறேன் என்று சொல்பவர்களை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும்!